பஞ்சுவின் சிறுநீர்ப்பைக் கல்: ஒரு வளர்ப்பு முயலின் நிகழ்வு ஆய்வு

பஞ்சு முதன்முதலில் என் மேஜைக்கு வந்தபோது சிறுநீரைப் பற்றி யாருமே பேசவில்லை. "மூணு நாளா ஒண்ணும் திங்க மாட்டேங்குது டாக்டரம்மா. புழுக்கையும் போடல. மூலையில போயி சுருண்டு உக்காந்துக்கிருது" என்றார் பெரியவர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மதுரைக்காரர். பேத்திக்காக வாங்கிய முயல். பேத்தி வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு அவருக்கே பேச்சுத்துணை ஆகிவிட்டது. கட்டைப்பையின் அடியில் பழைய வேட்டியை மடித்துப் போட்டு, அதில் உட்காரவைத்துத் தூக்கி வந்திருந்தார்.

நியூசிலாந்து வெள்ளைக் கலப்பு. காயடிக்காத ஆண். வயது நாலரை, எடை 2.6 கிலோ. வயிறு உப்பியிருந்தது, குடல் சத்தம் அநேகமாக இல்லை. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே இருந்தது. கடைவாய்ப் பல் வரை பார்த்தேன், குறை ஒன்றும் தெரியவில்லை. தோலடியில் திரவம் ஏற்றி, வலி மருந்தும் குடல் அசைவுக்கான மருந்தும் கொடுத்து, சிரிஞ்சில் கூழ் புகட்டச் சொன்னேன். மறுநாள் சாயங்காலமே புழுக்கை போட்டது, புல்லைக் கடித்தது. கோப்பில் 'குடல் தேக்கம்' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

பதினாறாம் நாள் பஞ்சு திரும்ப வந்தது. இந்த நிகழ்வை எழுத உட்கார்ந்ததே அந்தப் பதினாறு நாளுக்காகத்தான். முயலுக்குக் குடல் நின்றுபோவது பெரும்பாலும் தனி நோயாக வருவதில்லை. எங்கோ வலிக்கிறது, அல்லது எதற்கோ பயந்திருக்கிறது என்பதை அந்த உயிர் குடலால்தான் சொல்கிறது. நாயைப் போல அது கத்தாது. வேட்டையாடப்படும் பிராணி, நோவை மறைத்தே பழகியது. வலி மருந்து கொடுத்ததும் குடல் திரும்பியதே, அப்படியானால் வலி எங்கே இருந்தது என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். உப்பிய வயிற்றை அழுத்தத் தயங்கினேன். உப்பல் வடிந்தபிறகாவது அழுத்திப் பார்த்திருக்கலாம். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

இரண்டாம் வருகை

இந்தமுறை பெரியவரின் புகார் வேறு. "ஒண்ணுக்கு இருக்கையில வாலத் தூக்கிக்கிட்டு முக்குது. வர்றது தண்ணியா இல்ல, சுண்ணாம்பு கரைச்ச மாதிரி இருக்கு. நேத்து ரெண்டு சொட்டு செவப்பாவும் பாத்தேன்."

புரட்டிப் பார்த்தேன். பின்னந்தொடைகளின் உட்புறம் முழுக்க ஈரம். முடி கொட்டி, தோல் வெந்தது போலச் சிவந்து கிடந்தது. ஈ மொய்த்துப் புழு வைக்கவில்லை என்பதே அன்றைக்குப் பெரிய ஆறுதல். நம் ஊர் வெயிலில், சிறுநீரில் ஊறிய முயலுக்கு ஒரே நாளில் புழு வைத்துவிடும். உடம்புச் சூடு 37.8 டிகிரி செல்சியஸ். 38.5-க்கு மேல் இருக்க வேண்டிய உயிருக்கு அது குறைவு. அடிவயிற்றில் இரண்டு விரலை வைத்து மெதுவாக உருட்டினேன். அரைநெல்லிக்காய் அளவில், கெட்டியாக ஒன்று விரலுக்கு அடியில் நழுவியது. பஞ்சு உடம்பை இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தது. முதல் நாள் நான் கேட்ட அதே சத்தம்.

சிவப்புச் சிறுநீர் என்றதும் ரத்தம் என்று முடிவு கட்டக் கூடாது. முயலின் சிறுநீர் வெளிர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறம் வரை எப்படியும் இருக்கலாம். சில கீரைகளைத் தின்ற நாளில் நிறமிகள் இறங்கிச் செக்கச்செவேலென்று போகும், நோயே இருக்காது. சோதனைப் பட்டையில் தோய்த்தோ நுண்ணோக்கியில் சிவப்பணுவைப் பார்த்தோதான் சொல்ல முடியும். பஞ்சுவுக்குப் பட்டை ரத்தம் என்றே காட்டியது. இதுவே கருத்தடை அறுவை செய்யாத பெண் முயலாக இருந்தால் நான் கர்ப்பப்பையைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன். நாலைந்து வயது தாண்டிய பெண் முயல்களுக்குக் கர்ப்பப்பைப் புற்று மிகவும் சாதாரணம். அந்த ரத்தமும் பெரும்பாலும் சிறுநீரோடுதான் வெளியே வரும். வீட்டிலிருப்பவர்கள் அதைச் சிறுநீர்க் கோளாறு என்றோ மாதவிடாய் என்றோ நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். முயலுக்கு மாதவிடாய் கிடையாது.

முயலின் சுண்ணாம்புக் கணக்கு

பஞ்சு என்ன தின்கிறது என்று கேட்டேன். பெரியவர் பெருமையாகவே சொன்னார். தினமும் காலையில் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போவாராம். (1999-ல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது அங்கேதான்.) பஞ்சுவுக்கு என்று ஒரு கட்டு அகத்திக்கீரை, கிடைத்தால் முருங்கைக்கீரை. மாலையில் பண்ணை முயல்களுக்கான பெல்லட் (அழுத்திச் செய்த குச்சித் தீவனம்) ஒரு கிண்ணம் நிறைய. கூட, செல்லப்பிராணிக் கடை ஒன்றில் 'எலும்பு பலமா இருக்கும்' என்று எடுத்துக் கொடுத்த கால்சியம் சொட்டு மருந்து, தினம் பத்துச் சொட்டு. ஒன்றரை வருடமாக. தண்ணீர், கூண்டில் மாட்டிய பாட்டிலில்.

நமக்கும் நாய்க்கும் உடலுக்குத் தேவையான அளவுக்குத்தான் குடல் கால்சியத்தை உள்ளே விடும். மிச்சம் மலத்தோடு போய்விடும். முயலின் குடலில் அந்தக் காவல் இல்லை. தின்றதில் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். கூடுதலானதைச் சிறுநீரகம் வடித்து வெளியே தள்ளும். மற்ற பெரும்பாலான பாலூட்டிகள் சிறுநீரில் 2 சதவீதத்துக்கும் குறைவாக வெளியேற்றும் கால்சியத்தை முயல் 45 முதல் 60 சதவீதம் வரை வெளியேற்றும். அதன் சிறுநீரோ காரத்தன்மை கொண்டது, பிஎச் 8-க்கு மேல். காரமான நீரில் கால்சியம் கார்பனேட் கரைந்து நிற்காது, துகளாகப் படியும். அதனால் ஆரோக்கியமான முயலின் சிறுநீரே கொஞ்சம் கலங்கலாகத்தான் இருக்கும். அந்தத் துகள் அளவுக்கு மீறினால் பையில் சேறாகத் தேங்கும். தண்ணீர் குறைவாகக் குடித்து, உடம்பு பெருத்து, கூண்டுக்குள்ளேயே கிடக்கும் முயல் பையை முழுதாகக் காலி செய்வதில்லை. தேங்கிய சேறு ஒருநாள் கல்லாக உருண்டுவிடுகிறது.

நம் கீரைகளில் கால்சியம் மிக அதிகமுள்ளவற்றில் அகத்தியும் ஒன்று. 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல். துவாதசியன்று ஒரு கரண்டி சாப்பிடுகிற மனிதருக்கும், அமாவாசைக்கு ஒரு கட்டு வாங்குகிற மாட்டுக்கும் அது நல்லது. 2.6 கிலோ முயலுக்குத் தினமும் ஒரு கட்டு என்றால் சிறுநீரகம் என்ன செய்யும்? பெரியவர் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சொல்லவே வாய் வரவில்லை. அவர் வைத்த பாசத்தில் குறையில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கீரை விஷயத்துக்கு வந்தேன்.

படமும் ரத்தமும்

எக்ஸ்ரேயில் கால்சியம் கற்கள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். இந்த விஷயத்தில் முயல் நமக்கு உதவி செய்கிறது. பக்கவாட்டில் ஒன்று, மல்லாத்தி ஒன்று என இரண்டு படம், சிறுநீரகம் முதல் ஆண்குறி நுனி வரை முழுதாக. பாதி வயிற்றை மட்டும் எடுத்தால் யூரித்ராவில், அதாவது பையிலிருந்து வெளியே வரும் குழாயில், மாட்டியிருக்கும் கல் தப்பிவிடும். பஞ்சுவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. பையில் 19-க்கு 15 மில்லிமீட்டரில் ஒரு முட்டை வடிவக் கல். யூரித்ராவில், இடுப்பெலும்பை ஒட்டி, 4 மில்லிமீட்டரில் ஒரு மணி. இடது சிறுநீரகத்தில் கடுகைவிடச் சிறிய இரண்டு வெண்புள்ளிகள்.

ஸ்கேனில் பையின் சுவர் தடித்திருந்தது. பையை வெளியிலிருந்து விரலால் தட்டினால் சேறு பனிபோல எழுந்து அடங்கியது. கல் அசைந்து கீழே போய்ப் படுத்தது. எது சேறு, எது கல் என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சிறுநீரகங்கள் வீங்கவில்லை, மேலிருந்து வரும் குழாய்கள் விரியவில்லை.

ரத்தத்தில் (100 மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில்), சிறுநீரகம் வடிக்க வேண்டிய கழிவுகளான யூரியா நைட்ரஜன் 32, கிரியேட்டினின் 1.6. உடலில் நீர் வற்றியதற்கு அது பொருந்தும், சிறுநீரகம் கெட்டதற்கான அளவு இல்லை. கால்சியம் 14.6. ஆய்வுக்கூட அறிக்கை அதற்குப் பக்கத்தில் சிவப்பு அம்புக்குறி போட்டிருந்தது. நாயின் அளவுகோலை வைத்துப் போட்ட குறி அது. முயலுக்கு 12 முதல் 16 வரை இயல்பு. அந்த அம்பை நம்பி வேறு நோய் தேடிப் போனால் நாள்தான் வீணாகும். சர்க்கரை 178. சாப்பிடாத முயலில் இது 360-ஐத் தாண்டினால் நிலைமை மோசம் என்று பொருள், அடைப்பு மாதிரி எதையாவது உடனே தேட வேண்டும். 178 எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தது. சொட்டுச் சொட்டாகவாவது சிறுநீர் போய்க்கொண்டிருந்ததும் தைரியம் தந்தது. முழுதாக அடைத்திருந்தால் காத்திருக்க நேரமே இருந்திருக்காது.

கத்திக்கு முன்னால் ஒரு நாள்

"வாழத்தண்டுச் சாறு குடுத்தா கரைஞ்சிராதா டாக்டரம்மா? எனக்கு அப்படித்தான் போச்சு" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கால்சியம் கார்பனேட் கல்லைக் கரைக்க சிறுநீரைப் புளிப்பாக்க வேண்டும். முயலின் சிறுநீரை அப்படி மாற்ற முடியாது. மாற்றும் அளவுக்கு எதையாவது புகட்டினால் முயல் முதலில் போய்விடும். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போலக் கல் கரைக்கும் உணவும் முயலுக்கு இல்லை. வெறும் சேறாக இருந்தால் திரவம் ஏற்றி, மயக்கத்தில் குழாய் விட்டு அலசியெடுக்கலாம். கல் என்றால் வெளியே எடுத்தாக வேண்டும். பெண் முயலின் யூரித்ரா அகலமானது, சின்னக் கல்லைச் சில சமயம் வழியோடே வெளியே கொண்டுவந்துவிடலாம். பஞ்சுவுக்கு அந்த வாய்ப்பில்லை.

ஆனால் அன்றே திறக்கவில்லை. உடம்பு குளிர்ந்து, நீர் வற்றி, குடல் நின்றிருக்கும் முயலை மயக்கத்தில் போடுவது ஆபத்து. காது ஓரத்து நரம்பில் 26 எண் ஊசி போட்டு ரிங்கர் லாக்டேட் என்ற உப்புத் திரவம் ஏற்றினோம். வலிக்குக் கிலோவுக்கு 0.03 மில்லிகிராம் பியூப்ரினார்ஃபின். துணி சுற்றிய வெந்நீர் பாட்டில்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, ஊறவைத்த பெல்லட்டையும் அருகம்புல்லையும் அரைத்த கூழ். உடம்பில் நீர் ஏறியபிறகு, வலிக்கும் வீக்கத்துக்கும் மெலோக்சிகாம். கிருமிக்கு என்ரோஃப்ளாக்சசின், சலைனில் நன்றாக நீர்த்து. நீர்க்காமல் குத்தினால் தோல் அழுகிவிடும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மிச்சம் இருக்கிறதே என்று முயலுக்கு ஊற்றிவிடாதீர்கள். வாய்வழியாகக் கொடுக்கும் பென்சிலின் வகைகளும் கிளிண்டாமைசினும் முயலின் பெருங்குடல் நுண்ணுயிர்களைக் கொன்று, நச்சுக் கிருமி பெருக வழிவிடும். கல்லுக்குத் தப்பிய முயல் அந்தக் கழிச்சலில் செத்துப்போகும். இப்படிச் செத்த இரண்டு முயல்களை நானே பார்த்திருக்கிறேன்.

அறுவை

முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் இரவு முழுக்கப் பட்டினி போடும் வழக்கம் இங்கே செல்லாது. அது குடலைத்தான் நிறுத்தும். ஒரு மணி நேரம் முன்புவரை பஞ்சுவின் முன்னால் புல் கிடந்தது. மிடாசோலமும் கொஞ்சம் கெட்டமினும் கொடுத்து, ஐசோஃப்ளூரேன் வாயுவில் மயக்கத்தைத் தொடர்ந்தோம். முயலின் தொண்டை குறுகியது, நாக்கு தடித்தது. மூச்சுக்காக விடும் குழாய் போகும் வழி கண்ணுக்குத் தெரியாது. கழுத்தை நேராக உயர்த்தி, 2.5 மில்லிமீட்டர் குழாயின் மறுமுனையில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் பலமாகக் கேட்கும் இடத்தில் உள்ளே தள்ள வேண்டும். மூன்றாவது முயற்சியில் போனது. நான்காவது முயற்சி செய்வதில்லை என்பது எங்கள் கட்டுப்பாடு. தொண்டை வீங்கினால் விழித்தபிறகு மூச்சு அடைக்கும். வயிற்றின் கனம் நெஞ்சை அழுத்தாதபடி மேஜையின் தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்தினோம்.

முதல் வேலை யூரித்ராவில் இருந்த மணி. பச்சிளம் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் 5 எண் குழாயை, ஜெல் தடவி, ஆண்குறி வழியே விட்டேன். இடுப்பெலும்புக்கு அருகே கறுக் என்று தட்டி நின்றது. குழாயைச் சுற்றி விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சலைனை அழுத்தத்தோடு செலுத்தினேன். இரண்டு தடவை எதிர்த்தது, மூன்றாவதில் சட்டென்று இளகி உள்ளே போனது. மணி பைக்குள் விழுந்துவிட்டது. இது நடக்காமல் போயிருந்தால் யூரித்ராவையே திறக்க வேண்டியிருக்கும், அந்தத் தழும்பு பிறகு வழியைச் சுருக்கும்.

கீறும் கோட்டில் மரத்துப்போக லிக்னோகெயின் போட்டு, நடுக்கோட்டில் மூன்று சென்டிமீட்டர் திறந்தேன். முயலின் வயிற்றுச் சுவர் மெல்லியது. அதற்கு நேர் கீழே சீக்கமும் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை) சிறுநீர்ப்பையும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரை இடுக்கியால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். பையை வெளியே எடுத்து ஈரத் துணியால் சுற்றி, இரண்டு பிடிதையல் போட்டேன். நல்ல நிலையில் முயலின் சிறுநீர்ப்பை, விரலை வைத்தால் நிழல் தெரியும் அளவுக்கு மெலிதாக இருக்கும். பஞ்சுவுடையது தோசை மொத்தத்துக்குத் தடித்து, சிவப்பேறி இருந்தது. ரத்தக்குழாய் இல்லாத இடமாகப் பார்த்துக் கீறினேன். முதலில் வந்தது சேறு, பற்பசை பதத்தில். அதை உறிஞ்சி எடுத்தபிறகு கல்லைச் சின்னக் கரண்டியால் நெம்பினேன். எஃகுத் தட்டில் விழுந்தபோது டக்கென்று கேட்டது. வெளிர்பழுப்பு நிறம், மேலெல்லாம் அரத்தைப் போல முள்முள்ளாய். இதை வைத்துக்கொண்டுதான் பதினாறு நாள், அதற்கு முன் எத்தனையோ நாள், அந்த முயல் குதித்துத் திரிந்திருக்கிறது.

நாலு மில்லிமீட்டர் மணியைத் தேடி எடுக்கத்தான் நேரம் பிடித்தது. யூரித்ராவைக் கீழிருந்து மேலும், மேலிருந்து கீழும் சலைனால் அலசினோம். பைச்சுவரின் உட்புறத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கிருமிச் சோதனைக்கு அனுப்பினோம். 2.6 கிலோ முயலின் உடம்பில் மொத்த ரத்தமே ஏறக்குறைய 150 மில்லிதான், ஒரு சின்ன டம்ளர். நனைந்த ஒவ்வொரு பஞ்சையும் எண்ணிக்கொண்டே இருந்தோம். பையை, தானே கரையும் 4-0 பாலிகிளிக்காப்ரோன் நூலால் ஒரே அடுக்காகத் தைத்து, சலைன் ஏற்றிக் கசிகிறதா என்று பார்த்தேன். கேட்கட் நூல் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனாலும் முயலுக்கு வேண்டாம் என்பது என் முடிவு. அதன் வயிற்றுக்குள் சின்ன உறுத்தலுக்கும் திசுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு உள்தையல். தையலைக் கடிக்காமலிருக்க மாட்டும் கழுத்துக் கூம்பை மாட்டவில்லை. மாட்டினால் முயல் தன் மென்புழுக்கையை, அதாவது மறுபடி தின்பதற்காகவே போடும் மெத்தென்ற புழுக்கையை, குனிந்து உண்ண முடியாது, அது இல்லாமல் அதன் குடல் நடக்காது. மயக்கம் தெளிவதற்குள் மேஜையிலேயே இன்னொரு எக்ஸ்ரே எடுத்தோம். பையும் யூரித்ராவும் சுத்தம்.

இடது சிறுநீரகத்துப் புள்ளிகளைத் தொடவில்லை. தொல்லை தராத சிறு கல்லுக்காகச் சிறுநீரகத்தைக் கீறினால், கீறிய இடத்தில் வேலை செய்யும் திசுவே போய்விடும். கல் இறங்கி மேல்குழாயை அடைத்தால் அப்போது குழாயைத் திறக்கலாம்; ஒரு சிறுநீரகம் வீங்கி வீணாகி மற்றது நன்றாக இருந்தால் கெட்டதை எடுத்துவிடலாம். முயல் ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழும். பஞ்சு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

பிறகு

அறுவை நாற்பது நிமிடத்தில் முடிந்தது. நீண்டது அந்த இரவுதான். பஞ்சு விழித்தது, சூடும் ஏறியது, ஆனால் எதையும் தொடவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போக மறுத்துவிட்டார். வெளி பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் வேட்டியை விரித்து, பஞ்சுவை அதில் வைத்துக்கொண்டு, சிரிஞ்சுக் கூழை அரை மில்லி அரை மில்லியாகக் கடைவாய் ஓரத்தில் விட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வாய் ராசா" என்று கூடவே பேச்சு. விடியற்காலை நாலு மணிக்கு மிளகு அளவில் ஆறு புழுக்கை விழுந்தது. அவர் அதைக் காகிதத்தில் பொதிந்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஏழு மணிக்குக் கொத்தமல்லித் தழையைத் தானே இழுத்துத் தின்றது. சிறுநீர் முதல் நாள் இளஞ்சிவப்பு, மூன்றாம் நாள் வெறும் கலங்கல். அன்று வீட்டுக்கு அனுப்பினோம்.

கல்லின் எடை 4 கிராம். அதிலிருந்து சுரண்டிய பொடியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். சுர்ரென்று நுரைத்தது. கார்பனேட் என்று அப்போதே தெரிந்தாலும் ஆய்வுக்கூட அறிக்கை வரக் காத்திருந்தேன், அதுவும் கால்சியம் கார்பனேட் என்றே சொன்னது. கிருமி எதுவும் வளரவில்லை.

சொட்டு மருந்தை அன்றே நிறுத்தினோம். அகத்தியும் முருங்கையும் நின்றன. பெல்லட் ஒரு கைப்பிடிக்கும் கீழே வந்தது. மீதி வயிறு முழுக்கப் புல். வெளிநாட்டுத் திமோத்தி உலர்புல் அவருடைய ஓய்வூதியத்துக்குக் கட்டாது. பிள்ளையார் கோவில் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் அருகம்புல்லே போதும், நன்றாக அலசி, ஈரத்தோடு கொடுங்கள் என்றேன். அதற்காகக் கால்சியத்தை முழுதாக அறுக்கக் கூடாது. முயலின் பல் ஆயுள் முழுக்க வளர்கிறது, அதற்கும் எலும்புக்கும் சுண்ணாம்பு வேண்டும். அருகம்புல்லில் இருப்பதே அதற்குப் போதும். பாட்டிலைக் கழற்றிவிட்டுக் கனமான மண்சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னேன். உறிஞ்சுகுழாயில் சொட்டுச் சொட்டாக நக்குவதைவிடச் சட்டியில் முயல் நிறையக் குடிக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் மாடியில் ஓட்டம்.

ஐந்தாம் நாள் பெரியவரிடமிருந்து போன் வந்தது, மறுபடியும் சுண்ணாம்பு மாதிரி வருகிறது என்று. ஸ்கேனில் பையின் அடியில் மெல்லிய சேறு. அலசியதில் மிஞ்சியதும், உடம்பில் ஏற்கனவே ஏறியிருந்ததும். ஒரு வாரம் தோலடியில் திரவம் ஏற்றியதில் அது கழிந்துவிட்டது. தொடையின் புண் ஆற மூன்று வாரம் ஆனது. கழுவுவதைவிட, கழுவியபின் ஒட்ட உலர்த்துவதுதான் அதற்கு முக்கியமாக இருந்தது.

மூன்றாம் மாதப் படத்தில் பை சுத்தம். எட்டாம் மாதம் கொஞ்சம் சேறு தெரிந்தது. கேட்டால், மழையில் புல் கிடைக்காத ஒரு மாதம் பெல்லட் ஏறியிருக்கிறது. சிறுநீரகத்துப் புள்ளிகள் இரண்டும் அதே அளவு, அதே இடம். எடை 2.35 கிலோ. பெரியவர் அமாவாசைக்கு இப்போதும் அகத்தி வாங்குகிறார். அதைத் தெருமுனையில் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, அருகம்புல் கட்டோடு மாடியேறுகிறார். அடுத்த எக்ஸ்ரே தை மாதம்.